வேரடிப் புழுவும் பெரிய பண்ணைக் குளமும்

“புழுவை வைத்துக்கொண்டு யாரும் குடும்பம் பிரிப்பதில்லை, அம்மா.”

என் ஆராய்ச்சி வழிகாட்டி இப்படிச் சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன படத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார். அவர் அதை முழுதாகப் பார்க்கவில்லை. படத்தில் இருந்தது ஒரு நெல்மணி நீளம்கூட இல்லாத நீர்வண்டுப் புழு. தலை, தாடை, கால், வால் நுனி என்று ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து மையில் வரைந்திருந்தேன். உடம்பில் எந்த மயிர் எந்த இடத்தில் முளைத்திருக்கிறது என்பதுவரை குறித்திருந்தேன். அந்தக் கவிழ்த்த கையை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளில் நடந்தது இது. பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கீழத்தெரு எங்களுடையது. அப்பா பண்ணையாளாகப் பிறந்தவர். பிறகு தினக்கூலி ஆனார், அதற்கும் பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். நான் உதவித்தொகையில் விலங்கியல் படித்து, ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். கல்லூரி இருந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம்.

வழிகாட்டி பெயர் பெற்ற மனிதர். பெயருக்குப் பின்னாலிருந்த சாதி வாலை வெட்டியவர். மேடையில் பேசும் செந்தமிழையே எங்களிடமும் பேசுவார். நீர்வண்டுகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் சூட்டியிருந்தார். கல்லூரிக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, “இவர் ஒரு வயற்கூலியின் மகள், என் மாணவி” என்பார். வந்தவர்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் சீசாவுக்குள் ஊறும் பூச்சி போல நின்றுவிட்டு என் இடத்துக்குத் திரும்புவேன்.

எனக்குப் புழுக்கள்மேல் பித்துப் பிடித்தது எம்.எஸ்ஸி. படிக்கும்போது. குளத்தில் பளபளவென்று கறுப்பாக, நீட்டின புளியங்கொட்டை மாதிரி இரண்டு வகை வண்டுகள் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்லத் தோன்றும். அவற்றின் புழுக்களைப் பார்த்தால் கதையே வேறு. ஒன்றுக்கு அரிவாள் போல வளைந்த தாடை. அதற்குள் ஓடும் நுண்ணிய குழாய் வழியாகத் தலைப்பிரட்டையின் உடம்புக்குள் சாறு ஊற்றி, சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். கால் நுனியில் இரண்டு நகம். மற்றதன் தாடையில் பல் இருக்கும், குழாய் இருக்காது. மென்றுதான் தின்னும். காலில் ஒரு கணு குறைவு, நகமும் ஒன்றே ஒன்று. வம்சத்தில் வெகு தூரத்து உறவு. தண்ணீரில் வழுக்கிப் போக வேண்டியிருப்பதால் வளர்ந்த பிறகு இரண்டுக்கும் ஒரே வடிவம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். வளர்ந்த வண்டு மறைப்பதைப் புழு சொல்லிவிடுகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். பசி மறந்து உட்கார்ந்திருந்தேன்.

வழிகாட்டி கவிழ்த்த படத்தில் இருந்த புழு, எங்கள் பக்கத்துச் சின்னப் பழுப்பு வண்டு ஒன்றினுடையது என்று நான் நம்பினேன். அந்த வண்டை முங்கி நீந்தும் வேட்டை வண்டுகளின் குடும்பத்தில், அதிலும் அவற்றுக்கு மிக நெருங்கிய உறவாக, அவர் வைத்திருந்தார். வளர்ந்த வண்டுகளை மட்டும் பார்த்துச் செய்த முடிவு. அவர் பெயருக்குப் பாதிப் பெருமை அந்த வகைப்பாட்டால் வந்தது. என் புழுவோ நீந்தவே இல்லை. சேற்றுக்குள் கோரை வேர்களுக்கு நடுவே கிடந்தது. கால்கள் தோண்டுவதற்கு ஏற்றபடி குட்டையாக, தடித்து இருந்தன. தாடையில் உறிஞ்சும் குழாய் இல்லை. வால் நுனி ஊசியாகக் கூர்ந்திருந்தது. வேருக்குள் இருக்கும் காற்றைக் குத்தி எடுக்க அந்த ஊசி. வேட்டை வண்டின் புழு ஒன்றுகூட இப்படி இருப்பதில்லை. இது தனிக் குடும்பம் என்று எழுதியிருந்தேன்.

அந்தப் புழு கிடைத்த இடம் எங்கள் ஊர்ப் பெரிய பண்ணையின் குளம். கிராமக் கணக்கில் அது புறம்போக்கு, ஊர்ப் பொதுக்குளம். ஆனால் பண்ணையார் சுற்றிலும் முள்வேலி போட்டு மீன் வளர்த்தார். எங்கள் தெருக்காரர்கள் அதில் குடம் முக்க முடியாது. ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் மட்டும் எங்களுக்கு அழைப்பு வரும். கழுத்துவரை இறங்கி அள்ளிக் கரையில் போட வேண்டும். அப்படி ஒரு நாள் அம்மாவோடு நானும் கூலிக்கு இறங்கினேன். காலில் சிக்கிய கோரை வேரைப் பிடுங்கி, சேற்றோடு வாளியில் போட்டுக் கொண்டுவந்தேன். அதில்தான் அந்தப் புழு இருந்தது.

படத்தைக் கவிழ்த்த பிறகு வழிகாட்டி சொன்னார்: “இந்தப் புழு அந்த வண்டினுடையதுதான் என்பதற்குச் சான்று எங்கே? ஒரே சேற்றில் கிடந்தால் போதுமா? புழுவையும் வண்டையும் சேர்த்துக் காட்டு. இல்லையேல் ஆய்வேட்டிலிருந்து இந்த அதிகாரத்தை எடுத்துவிடு.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னை இன்று வரை எரியவைப்பதும் அந்த நியாயம்தான். எந்த நல்ல ஆசிரியரும் அதைக் கேட்டிருப்பார். ஆனால் அந்த மாதம் நான் குளத்துக்குள் கால் வைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பண்ணையார் அவருக்குச் சம்பந்தி முறை.

அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்தது. சங்கம் கூலி உயர்வு கேட்டது. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்தது. பண்ணையார் அந்நேரம் ஆளும் கட்சியில் சேர்ந்து கரைவேட்டி கட்டத் தொடங்கியிருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலத்தைச் சமையல்காரர் பெயரிலும் மைத்துனர் பெயரிலும் மாற்றி எழுதியவர், மாலையில் மேடையேறி, உழுதவனுக்கே நிலம் என்று பேசினார். கீழே நின்று அதைக் கேட்ட எங்கள் ஆட்கள் கைதட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றார்கள்.

“சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா உள்ள விடுவாங்க” என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

“பார்க்கிறேன்” என்றார்.

அவர் பார்த்தது இப்படி: என்னோடு படித்த ஒரு மாணவரை வலையும் சீசாவும் கொடுத்து அனுப்பினார். அந்த மாணவருக்குப் பண்ணை வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. கரையில் நின்று வலை வீசி, வளர்ந்த வண்டுகளை வாரிக்கொண்டு திரும்பினார். சேற்றில் கால் படவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னதைச் செய்தார்.

வழிகாட்டி அந்தச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “பார்த்தாயா? உன் புழு இதில் ஒன்றுகூட இல்லை.”

“அது வேருக்குள்ள இருக்கு சார். வலையில எப்படி வரும்?”

“வாதாடாதே அம்மா. அறிவியலுக்குப் பொறுமை வேண்டும்.”

மறுநாள் நானே பண்ணையின் காரியக்காரரைப் பார்க்கப் போனேன். பண்ணைக் கணக்கு, ஆள், தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. களத்து மேட்டில் குடையோடு நின்றிருந்தார்.

“யாரு மவ நீ?” என்றார்.

அப்பா பெயரைச் சொன்னேன்.

“அட, அவன் மவளா! அப்பன் கொடி புடிக்கிறான். நீ எங்க கொளத்துல என்னா புடிக்கப் போறே?”

“வண்டுப் புழு புடிக்கணுங்க. படிப்புக்கு.”

“காலேஜுலேர்ந்து ஒரு தம்பி வந்து புடிச்சிட்டுப் போச்சே. அது பத்தாதா?”

“அவரு கரையில நின்னு வலை போட்டாரு. எனக்கு வேணுங்கிறது சேத்துல இருக்குங்க. எறங்கித்தான் எடுக்கணும்.”

“எறங்கணுமா?” அவர் முகம் மாறியது. “உங்க தெரு ஆளு எறங்குன தண்ணிய அய்யா வீட்டு மாடு குடிக்கணுமா?”

“ஆகாயத்தாமர அள்ளயில எறங்குனமே. அப்ப மாடு குடிக்கலீங்களா?”

அவர் குடையை மடக்கி அதன் நுனியால் ரோட்டைக் காட்டினார். “போயிரு. பொம்பளப் புள்ள, படிச்ச புள்ளன்னு பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா சோறு தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“அவுங்க கொளமாமா?” என்றார். “வெட்டுனது யாரு? எங்க தாத்தனும் அவரு கூட்டாளியும் வெட்டுனது. தூரு வாருனது நாங்க. அவுங்க போட்டது வேலி மட்டுந்தான்.”

அந்த வாரம் சங்கம் கூடியபோது கூலியோடு குளமும் பேச்சுக்கு வந்தது. புறம்போக்கு என்று தாசில்தாருக்கு எழுதிப் போட்டும் யாரும் வரவில்லை. ஆகவே நாமே இறங்கி மீன் பிடிப்போம், பொதுக்குளம் என்று ஊருக்குக் காட்டுவோம் என்று முடிவானது. அம்மா என்னிடம் வந்து, “நீயும் வா. உனக்கு வேணுங்கிறத அள்ளிக்க” என்றாள்.

காலையில் வெயில் ஏறும்போது போனோம். முன்னால் கொடி, பின்னால் பெண்கள், கூடைகள். வேலியில் ஒரு பக்கத்தை ஆண்கள் பிரித்துப் போட்டார்கள். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கோரை அடர்ந்திருந்த மூலையில் இறங்கினேன். என் வாழ்க்கையில் கூலிக்கு இல்லாமல் அந்தக் குளத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. சேறு முழங்கால்வரை இழுத்தது. கையை உள்ளே விட்டுக் கோரையை அடிவேரோடு பிடுங்கினேன். வேரில் மிளகளவு மண்கூடுகள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. புழு வளர்ந்து முடிந்ததும் வேரில் கூடு கட்டி, அதற்குள் வேரின் காற்றை நிரப்பி, தண்ணீருக்கு அடியிலேயே நனையாமல் கூட்டுப்புழுவாக உறங்கும். அந்தக் கூட்டிலிருந்துதான் வண்டு வெளியே வரும். இதைவிடப் பெரிய சான்று எனக்கு எங்கே கிடைக்கும்?

வேர்களைச் சேற்றோடு அன்னக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. கரையில் போலீஸ். காரியக்காரர் குடையால் ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏறச் சொன்னார்கள். அப்பா தண்ணீரில் நின்றபடியே, “கணக்கப் பாருங்க சார், இது புறம்போக்கு” என்றார். அவர் பேசி முடிக்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்ததை அவர் முழங்கையால் தடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்து, “ஓடு, நீ ஓடு, அதக் கீழ போட்டுறாத!” என்று கத்தினாள். வரப்பு வழியாக ஓடினேன். பின்னால் பெண்கள் அலறும் குரல் வயல் முழுக்க வந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே குளத்தில் எண்ட்ரின் பூச்சிமருந்து கலந்தது. யார் ஊற்றினார்கள் என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ளவே இல்லை. எல்லாருக்கும் தெரியும். கெண்டையும் விராலும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. தவளை, தண்ணீர்ப் பாம்பு, நத்தை எல்லாம் செத்துக் கிடந்தன. ஓரத்தில் கறுப்பும் பழுப்புமாக வண்டுகள் கடுகு கொட்டினாற்போல ஒதுங்கியிருந்தன. எங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்றால் எதற்குமே கிடைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “மனுசன் மேல கோவம்னா மனுசங்கிட்ட காட்டு. இதுங்க உனக்கு என்னாடா செஞ்சுது?” என்று வேலியைப் பார்த்துக் கத்தினாள். வேலிக்கு அப்பால் யாரும் இல்லை.

அந்தக் குளத்துப் பழுப்பு வேர்வண்டுகளில் உயிரோடு மிஞ்சியவை எங்கள் வீட்டுக் கூரைக்கடியில், உடைந்த மண்தொட்டியில் இருந்தன. வேரைச் சேற்றில் நட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். கையில் கட்டோடு அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கோழி வந்தால் நல்ல கையால் விரட்டுவார். ஒரு காலையில் வண்டு ஒன்று மேலே வந்து காற்று வாங்கியது. கூட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே, புழு கடைசியாக உரித்துப்போட்ட தோல் சுருண்டு கிடந்தது. அதை விரித்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தேன். குட்டைக் கால், குழாய் இல்லாத தாடை, ஊசி வால். நான் வரைந்த அதே புழு. வண்டும் அதன் தோலும் ஒரே கூட்டில். மற்றக் கூடுகளிலும் அப்படியே.

“இது என்னா சொல்லுது?” என்று அப்பா கேட்டார்.

“இத வேற வம்சத்துல சேத்து வச்சிருக்காங்கப்பா. அது தப்புன்னு சொல்லுது.”

“அப்ப போயி சொல்லு.”

வழிகாட்டி நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்ததும் சில்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

“கூட்டுக்குள்ளேயே இருந்ததா?”

“ஆமாம் சார். எல்லாக் கூட்டுலயும்.”

“சரி. அதிகாரம் இருக்கட்டும். தனிக் குடும்பம் என்று எழுதாதே. ஐயத்துக்குரியது என்று மட்டும் எழுது.”

“இதுல என்ன ஐயம் சார்?”

அப்போதுதான் அவருடைய செந்தமிழ் நழுவியது. “இந்தாம்மா, ஒன்னச் சேத்துக்கிட்டதே நாந்தான். வேற எவன் சேத்திருப்பான்? நன்றின்னு ஒன்னு இருக்குல்ல?”

“அதுக்கு வேற ஏதாவது கேளுங்க சார். புழுவுக்குக் கால நீளமா வரையச் சொல்லாதீங்க.”

என் குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்கும். எங்கப்பா கை முறிஞ்சது எதற்கு என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அவர் ஆறுதல் சொல்வார். அவர் வாயிலிருந்து ஆறுதல் எனக்கு வேண்டாம்.

நான் எழுதியபடியே ஆய்வேடு போனது. தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தார். வாய்மொழித் தேர்வு பொது அரங்கில் நடந்தது. கல்லூரிக் குழுவில் உறுப்பினர் என்ற உரிமையில் பண்ணையார் முன்வரிசையில் கரைவேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் படங்களைக் காட்டி விளக்கி முடித்ததும், வழிகாட்டி எழுந்து சபையைப் பார்த்துச் சிரித்தார்.

“பார்த்தீர்களா? பூச்சி உலகிலும் பிறப்பே பேசுகிறது. வளர்ந்து எப்படி வேடம் போட்டாலும் குழந்தையைப் பார்த்தால் குலம் தெரிந்துவிடுகிறது!”

அரங்கம் சிரித்தது. பண்ணையார் தொடையைத் தட்டிச் சிரித்தார். தேர்வாளர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பேசிவிட்டேன்.

“நான் சொன்னது உறவு சார், உயர்வு தாழ்வு இல்ல. எந்த வண்டு எந்த வண்டோட ஒரே மூதாதைகிட்டேர்ந்து வந்துச்சுன்னுதான் இந்தப் புழு சொல்லுது. இந்த வம்ச மரத்துல மேல் கிளை, கீழ்க் கிளைன்னு ஒன்னு கிடையாது. எல்லாம் ஒரே குளத்துலதான் இருக்கு. எந்த வண்டும் இன்னொரு வண்ட, நீ எறங்குனா தண்ணி தீட்டுன்னு சொன்னதில்ல. கொளத்துல எண்ட்ரின் ஊத்துனதும் இல்ல.”

பண்ணையார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வழிகாட்டி தரையைப் பார்த்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாடையின் உள்விளிம்பில் இருக்கும் பல்லைப் பற்றிக் கடினமான ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன்.

பட்டம் கிடைத்தது. வேறு மாவட்டத்தில் அரசுக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அப்பாவின் முழங்கை கடைசிவரை நேராகவில்லை. சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக அவர் குனிய வேண்டியிருந்தது. குளத்து வழக்கு இழுத்துக்கொண்டே போய், பண்ணை துண்டு துண்டாக விற்றுப்போன பிறகு, ஊர்ப் பொதுவென்று தீர்ப்பாயிற்று. எங்கள் தெருப் பெண்கள் இப்போது அதில் துணி துவைக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வேர்வண்டு அங்கே திரும்பவில்லை. போகும்போதெல்லாம் கோரையைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி பிற்பாடு ஒரு நூல் எழுதினார். அதில் அந்தப் பழுப்பு வண்டைத் தனிக் குடும்பத்துக்கு மாற்றியிருந்தார். புழுக்களை ஆராய்ந்ததில் இது தெரியவருகிறது என்று ஒரே வரி. ஆராய்ந்தது யார் என்று இல்லை. தானாகவே ஆராயப்பட்டுவிட்டதுபோல.

அவர் இறந்தபோது இரங்கல் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். எனக்கு முன்னால் பேசியவர்கள், கூலியின் மகளைக் கைதூக்கிவிட்ட வள்ளல் என்று என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். என் முறை வந்தது. அவர் கேட்ட கேள்வி சரியானது என்று சொன்னேன். பதிலைத் தேடிப் போகும் வழியை அடைத்தவர்களோடு அவர் சாப்பிட்டார் என்பதையும் சொன்னேன். வேலி, எண்ட்ரின், அப்பாவின் கை, எதையும் விடவில்லை. யாரோ மைக்கை அணைத்தார்கள். அணைத்த பிறகும் பேசினேன். வகுப்பெடுத்துப் பழகிய தொண்டை, கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

வெளியே வந்தபோது பழைய ஊழியர் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். “செத்தவருமேல இன்னுமாங்க கோவம்?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.